கிராம்பெண்ணெய் தனியாகக் கிருமியைக் கொல்கிறது, கிரீமில் போட்டால் கொல்வதில்லை: சர்க்கரைப் புண் கிரீம் பற்றி ஒரு கேள்வி

கயல் கேட்டது:

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் புண்ணுக்காகத் தாவர எண்ணெய் சேர்த்த கிருமி எதிர்ப்பு கிரீம் ஒன்றுக்கு ஃபார்முலா போட வேண்டும். 100 கிராமுக்கு இப்போதைய அளவு இது: செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வேக்ஸ் (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் மெழுகு) 9 கிராம், வெள்ளை சாஃப்ட் பாரஃபின் 15, லிக்விட் பாரஃபின் 6, கிராம்பெண்ணெய் 3, மீதி 67 கிராம் காய்ச்சி வடித்த நீர். கிராம்பெண்ணெயே கிருமியைக் கொல்லும் என்பதால் பதப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை. எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனியாக 75 டிகிரிக்குச் சூடாக்கி, கிராம்பெண்ணெயை எண்ணெய்ப் பகுதியிலேயே விட்டு, பிறகு இரண்டையும் கலந்து ஆறும்வரை கிளறியது.

கிருமி பரப்பிய அகாரில் 8 மி.மீ. குழி வெட்டிப் பார்த்ததில் சுத்தமான எண்ணெய்க்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் 24 மி.மீ., ஈ.கோலையில் 18 மி.மீ., சூடோமோனாஸில் 9 மி.மீ. எனக் கிருமி வளராத வளையம். அதே எண்ணெய் 3% உள்ள கிரீமுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸில் வெறும் 10 மி.மீ., மற்ற இரண்டிலும் ஒன்றுமே இல்லை. 40 டிகிரியில் வைத்த கிரீம் இரண்டு வாரத்தில் இளகி, மூன்றாவது வாரம் மேலே மெல்லிய எண்ணெய்க் கோடு விட்டது. வைத்திருந்த பாலிஸ்டைரீன் டப்பாவும் உள்பக்கம் மங்கி, மூடி பிசுபிசுத்துப் போனது.

கேட்க வேண்டியவை: கிரீமில் எண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை? 5% ஆக்கினால் சரியாகுமா? கிராம்புக்குப் பதில் வேப்பெண்ணெயோ துளசி எண்ணெயோ போடலாமா? திறந்த புண்ணில் நேரடியாகப் போட இது தகுமா?

---

நுண்ணுயிர்_மேசை:

கயல், கிரீமைக் குறை சொல்லும் முன் சோதனையைக் கவனியுங்கள். எண்ணெய்க்கு அகார் வளையம் நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல. அகார் முழுக்க நீர். கிராம்பெண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டரை கிராம்தான் கரையும், டெர்பீன்கள் அதிலும் குறைவு. குழிக்குள் விட்ட எண்ணெயில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கும், ஒரு பங்கு ஆவியாகி மூடிக்குக் கீழே பரவி மேற்பரப்பிலுள்ள கிருமியைத் தடுக்கும். அந்த 24 மி.மீ. வளையத்தில் ஆவியின் பங்கு எவ்வளவு, ஊடுருவியதன் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கிரீமுக்கு வந்த 10 மி.மீ. அளவுக்கும் அதே கதிதான். இரண்டு வளையங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

முதலில் எண்ணெயின் எம்.ஐ.சி. அளவை, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை, குழம்பு (கிருமி வளர்க்கும் ஊட்டநீர்) நீர்த்தல் முறையில் எடுங்கள். ட்வீன் 80 (பாலிசார்பேட் 80) போட்டு எண்ணெயைக் கரைப்பது வழக்கம். ஆனால் அது எண்ணெயைத் தன் நுண்திரளுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு மதிப்பை உயர்த்திக் காட்டும். அதற்குப் பதில் முல்லர் ஹின்டன் குழம்பில் 0.15% அகார் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். குழம்பு உறையாது, இலேசாகக் கெட்டிப்படும், எண்ணெய்த் துளிகள் மிதந்து மேலே போகாமல் அப்படியே நிற்கும். அதில் 4% எண்ணெய் விட்டு வோர்டெக்ஸில் இரண்டு நிமிடம் கலக்குங்கள்.

96 குழி பிளேட் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் பிளேட்டில் செறிந்த கிராம்பெண்ணெய் பட்டால் அடிப்பாகம் மங்கிவிடும், ரீடர் அதைக் கிருமி வளர்ச்சி என்று காட்டும். உங்கள் டப்பா மங்கியதற்கும் இதே காரணம்தான். முதல் பத்து நெடுவரிசைகளில் 100 மைக்ரோலிட்டர் வீதம் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். 0.5 மெக்ஃபார்லண்ட் அளவுக்குக் கலங்கலான கல்ச்சரை நூறு மடங்கு நீர்த்தால் மில்லிக்குப் பத்து லட்சம் கிருமி இருக்கும். அதில் ஒவ்வொரு குழிக்கும் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். கடைசியில் எண்ணெய் 2% முதல் 0.004% வரை இருக்கும், கிருமி மில்லிக்கு 5 லட்சம். 11-ஆவது வரிசையில் எண்ணெய் இல்லாமல் கிருமி மட்டும், 12-ஆவதில் கிருமி இல்லாமல் குழம்பு மட்டும். ஒட்டும் ஃபிலிம் போட்டு இறுக்கி மூடி, 35 டிகிரியில் 18 முதல் 20 மணி நேரம் வையுங்கள். அதன்பின் 0.015% ரெசசூரின் சாயம் 20 மைக்ரோலிட்டர் விட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும். நீலம் மாறாமல் இருந்தால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கிறது.

ஃபிலிம் சரியாக ஒட்டாவிட்டால் செறிவான குழியின் ஆவி பக்கத்துக் குழிக்குப் போய் அங்கேயும் கிருமியை அடக்கிவிடும். அப்போது எம்.ஐ.சி. பொய்யாகக் குறையும். ஐயம் வந்தால் எண்ணெய் இல்லாத கிருமி வரிசையைத் தனிப் பிளேட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளேட்டிலும் வளர்ச்சி ஒரே அளவில் இல்லையென்றால் கசிவு இருக்கிறது.

கொல்லும் அளவு வேண்டுமென்றால், நீலமாக நின்ற குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் பரப்புங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5,000 கிருமி இருந்தது. 99.9% செத்தது என்று சொல்ல வேண்டுமானால் ஐந்து காலனிக்கு மேல் வரக்கூடாது.

கிரீமுக்கு வளையம் வேண்டாம், நேரம் வைத்துக் கொல்லும் சோதனை செய்யுங்கள். 1 கிராம் கிரீமில் மில்லிக்குப் பத்துக் கோடி கிருமி உள்ள கல்ச்சர் 0.1 மில்லி கலந்து 32 டிகிரியில் வையுங்கள். 5 நிமிடம், 30 நிமிடம், 2, 6, 24 மணி நேரத்துக்கு ஒவ்வொரு தனிக் குழாய். நேரம் ஆனதும் 9 மில்லி டே-எங்லி குழம்பு விட்டு, கண்ணாடி மணிகள் போட்டுக் குலுக்கி, நீர்த்துப் பரப்ப வேண்டும். இந்தக் குழம்பிலுள்ள லெசித்தினும் ட்வீனும் எண்ணெயைச் செயலிழக்க வைக்கும். இல்லாவிட்டால் கிரீமோடு ஒட்டிவந்த எண்ணெய் பிளேட்டிலும் வேலை செய்து, சாகாத கிருமியையும் செத்ததாகக் காட்டும். செயலிழப்பு உண்மையிலேயே நடக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்: கிரீமையும் குழம்பையும் கலந்த பிறகு நூறு கிருமி விட்டால் குறைந்தது எழுபதாவது திரும்பி வளர வேண்டும். எண்ணெய் இல்லாத வெறும் பேஸையும் கூடவே ஓட்டுங்கள். பேஸே கொன்றால் அந்தப் பெருமை எண்ணெய்க்குச் சேராது.

இதையெல்லாம் ஒருமுறை வெறும் நீரிலும், ஒருமுறை செயற்கைப் புண்நீரிலும் செய்யுங்கள். கன்றுக் கருச் சீரம் பாதி, 0.1% பெப்டோனும் 0.85% உப்பும் கலந்த நீர் பாதி. புரதம் சேர்ந்தவுடன் பல எண்ணெய்கள் படுத்துவிடும். சர்க்கரைப் புண்ணில் புரதம் இல்லாத இடமே கிடையாது.

---

களிம்புச்சட்டி:

சோதனை பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் கயல், கிரீம் நிஜமாகவே வலுவிழந்துதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிராம்பெண்ணெய் 3 கிராமில் யூஜினால் ஏறத்தாழ 2.4 கிராம் என்று வைப்போம். யூஜினாலுக்கு நீரை விட எண்ணெய்தான் பிடிக்கும். ஆய்வகத்தில் எண்ணெய்க்கு மாதிரியாக வைக்கும் ஆக்டனாலில் பார்த்தால் ஒன்றுக்கு நூறு மடங்குக்கும் மேல். பாரஃபின் ஆக்டனால் அல்ல, அது யூஜினால் போன்ற பீனாலைச் சற்றுக் குறைவாகத்தான் ஏற்கும். ஆனால் செட்டோஸ்டியரில் ஆல்கஹாலும் செட்டோமேக்ரோகாலும் அந்தக் குறையை நிரப்பிவிடும். நூறு மடங்கு என்றே எடுத்தால், 30 கிராம் எண்ணெய்ப் பகுதி, 67 கிராம் நீர்ப் பகுதி உள்ள உங்கள் கிரீமில் நீருக்குள் யூஜினால் 0.08% அளவுதான் நிற்கும். லேபிளில் 3%, கிருமி வாழும் நீரில் 0.08%. கிராம்பெண்ணெயின் எம்.ஐ.சி. பொதுவாக 0.1 முதல் 0.25% வரை வரும். கிரீம் கொல்லாததில் வியப்பில்லை.

அந்த 0.08 சதவீதமும் முழுதாகக் கிடைக்காது. செட்டோமேக்ரோகால் வேக்ஸில் ஐந்தில் ஒரு பங்கு செட்டோமேக்ரோகால் 1000. உங்கள் 9 கிராமில் அது 1.8 கிராம். அதன் பாலிஆக்சிஎத்திலீன் சங்கிலி பீனாலின் ஹைட்ராக்சில் தொகுதியை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். பாராபென் பதப்பொருள்கள் இந்த வகைப் பேஸில் வலுவிழப்பதும் இதனால்தான். யூஜினால், தைமால், கார்வக்ரால் மூன்றும் பீனால்கள்தாம், மூன்றுக்கும் இதே தொல்லை உண்டு.

5% ஆக்கினால் நீரில் நிற்பது 0.13% ஆகும், அவ்வளவுதான். ஆனால் கிரீம் இன்னும் வேகமாகப் பிரியும். கிரீமுக்குக் கெட்டித்தன்மை தருவது செட்டோஸ்டியரில் ஆல்கஹாலும் செட்டோமேக்ரோகாலும் நீரும் சேர்ந்து கட்டும் அடுக்குகள். யூஜினால் அந்த அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை இளக்கும். 75 டிகிரியில் மெழுகோடு சேர்த்து உருக்கினால், அடுக்கு உருவாகும்போதே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். இரண்டு வாரத்தில் இளகியது அதனால்தான். நறுமண எண்ணெயை எப்போதும் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் விட வேண்டும். டீ ட்ரீ, லெமன்கிராஸ் போன்றவற்றில் ஆவி இழப்பும் இதே இடத்தில்தான் அதிகம்.

வழி என்ன? எண்ணெய்ப் பகுதியைச் சுருக்குங்கள். பாரஃபின் கிரீமை விட்டுவிட்டு ஜெல் கிரீமுக்கு வாருங்கள். தொடக்கமாக 100 கிராமுக்கு: ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் 2 கிராம், கிளிசரின் 10, எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் 3, நறுமண எண்ணெய் 0.5, பாலிசார்பேட் 80 0.6, வைட்டமின் ஈ 0.1, டைசோடியம் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடிப்பது) 0.1, ஃபீனாக்சிஎத்தனால் (பதப்பொருள்) 0.8, மீதி நீர். சர்ஃபாக்டன்ட் 1.8 கிராமிலிருந்து 0.6 கிராமாகிறது, எண்ணெய்ப் பகுதி 30 கிராமிலிருந்து 4 கிராமுக்கு வருகிறது. இங்கே 0.5 கிராம் கிராம்பெண்ணெய் போட்டாலே, பழைய கணக்குப்படி நீரில் 0.08 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஆறில் ஒரு பங்கு எண்ணெய், அதே வலிமை.

செய்முறையில் கைப்பக்குவம் தேவைப்படும் இடம் ஒன்றுதான். செல்லுலோஸை நேராக நீரில் கொட்டினால் மேலே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு அடித்தாலும் உடையாது. முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள், பின் ஈ.டி.டி.ஏ. கரைத்த நீரில் கிளறிக்கொண்டே விடுங்கள், 50 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறட்டும். அமிலம் சேர்ப்பதை இப்போதே செய்யாதீர்கள், அமில நீரில் அது மெதுவாகத்தான் ஊறும். தனியாக எம்.சி.டி., நறுமண எண்ணெய், வைட்டமின் ஈ, பாலிசார்பேட் நான்கையும் கலந்து, எடுத்துவைத்த 20 கிராம் நீரில் துளித்துளியாக விட்டபடி ஹோமோஜினைசரை 10,000 சுற்றில் நான்கு நிமிடம் ஓட்டுங்கள். பீக்கரைச் சுற்றிப் பனிக்கட்டி நீர் இருக்கட்டும். பால் போல வெள்ளையானதும் ஆறிய ஜெல்லில் காற்று புகாமல் மெதுவாக மடித்துச் சேருங்கள். ஃபீனாக்சிஎத்தனால் அதன் பிறகு. கடைசியில் சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 5.5.

எம்.சி.டி. எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். நறுமண எண்ணெயை மட்டும் துளியாக்கினால் சிறு துளி கரைந்து பெரிய துளியோடு சேர்ந்துகொண்டே போகும், ஒரு வாரத்தில் மேலே எண்ணெய் மிதக்கும். நீரில் சற்றும் கரையாத எண்ணெய் ஒன்று துளிக்குள் இருந்தால் அந்த இடமாற்றம் நின்றுவிடும். கார்போமர் ஜெல் அழகாக வரும், ஆனால் புண்நீரின் உப்புப் பட்டதும் நீர்த்துப்போகும், இந்த வேலைக்கு வேண்டாம்.

பதப்பொருள் இல்லாமல் விட்டது பெரிய தவறு. 67% நீர் உள்ள கிரீமில் முதலில் குடியேறுவது சூடோமோனாஸ். உங்கள் எண்ணெய்க்கு மிகக் குறைவாக மடங்குவதும் அதுதான். சர்க்கரைப் புண்ணுக்கு அந்தக் கிருமியை நாமே டப்பாவில் வளர்த்துக் கொடுப்பது போலாகும். அமெரிக்க மருந்து நூலின் 51-ஆம் அதிகாரச் சோதனையை ஓட்டுங்கள்: மேற்பூச்சுக் கிரீமில் 14 நாளில் பாக்டீரியா குறைந்தது நூறில் ஒன்றாகக் குறைய வேண்டும், 28 நாள்வரை மீண்டும் ஏறக்கூடாது, பூஞ்சை கூடக்கூடாது.

டப்பாவுக்குப் பதில் உள்ளே அரக்குப் பூசிய அலுமினிய டியூப். கலக்கும் பாத்திரம் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு பட்டால் யூஜினால் கருக்கும், ஈ.டி.டி.ஏ. அதற்கும் காவல்.

---

செல்கல்ச்சர்_அக்கா:

மேலே உள்ள கணக்கு கிருமியை மட்டும் பார்க்கிறது. புண்ணில் கிருமியோடு ஃபைப்ரோபிளாஸ்ட், கெரட்டினோசைட் என்ற தோல் செல்களும் இருக்கின்றன. சர்க்கரைப் புண்ணில் அவை ஏற்கெனவே தளர்ந்துபோனவை. கிராம்பெண்ணெய் 0.03 சதவீதத்திலேயே மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் கொல்லத் தொடங்கும். கிருமிக்குத் தேவை 0.1 முதல் 0.25%. அதாவது கிருமி சாகும் முன்பே தோல் செல் செத்துவிடும். நீங்கள் 3% போட்டதில் கிரீம் வேலை செய்யாமல் போனது ஒருவகையில் நல்லதே.

ஆகவே எம்.ஐ.சி. மட்டும் எழுதாதீர்கள். பாதி செல்கள் சாகும் அளவை எம்.ஐ.சி.யால் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்த எண்ணெயைத் திறந்த புண்ணுக்கு மறந்துவிடலாம். கிராம்பு, இலவங்கப்பட்டை, தைம் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு தோல் ஒவ்வாமைக்கும் பேர்போனது.

செல் சோதனையில் சிக்கல் வரும் இடங்கள் உண்டு. உயிருள்ள செல்லை ஊதா நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சாயத்தை யூஜினால் தானே ஒடுக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதுபோல ஊதா நிறம் வரும். செல் இல்லாத குழியிலும் எண்ணெய் விட்டு அந்த நிறத்தைக் கழியுங்கள், வேறு செல் உயிர்ப்புச் சோதனைகளான நியூட்ரல் ரெட் அல்லது எல்.டி.எச். முறையில் ஒருமுறை சரிபாருங்கள். அதிகச் சர்க்கரைச் சூழலுக்கு 25 மில்லிமோலார் குளுக்கோஸ் வைக்கும்போது, 5.5 மில்லிமோலார் குளுக்கோஸோடு 19.5 மில்லிமோலார் மேனிட்டால் சேர்த்த இன்னொரு குழுவும் வேண்டும். இல்லாவிட்டால் வந்த பாதிப்பு சர்க்கரையாலா, ஊடுபரவல் அழுத்தத்தாலா என்று சொல்ல முடியாது. மீடியத்தில் சீரம் எத்தனை சதவீதம் என்பதை எழுதாமல் விடாதீர்கள், 10% சீரத்தில் பாதுகாப்பாகத் தெரியும் எண்ணெய் 1% சீரத்தில் கொன்றுவிடும். கீறல் மூடும் சோதனையில் செல் பெருகாமல் தடுக்கும் மைட்டோமைசின் போடாவிட்டால், செல் நகர்ந்து மூடியதா பெருகி மூடியதா என்பது தெரியாது.

கிரீமையே சோதிக்க, மில்லிக்கு 0.1 கிராம் வீதம் மீடியத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து வடித்த சாற்றைச் செல் மேல் விடுங்கள். செல் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஐ.எஸ்.ஓ. 10993-5 கணக்கில் அது செல்நச்சு.

டீ ட்ரீ எண்ணெயிலும் இடைவெளி குறுகலே. தரமான சரக்கில் டெர்பினென்-4-ஆல் 35 சதவீதத்துக்குக் குறையாமலும் சினியோல் 10 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்கும். பழைய பாட்டிலில் ஆக்சிஜனேற்றம் நடந்து பாரா-சைமீனும் பெராக்சைடும் ஏறும், ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அந்தப் பழைய சரக்குதான். சிறு பாட்டிலில், நைட்ரஜன் நிரப்பி, குளிரில் வையுங்கள்.

ஒரு எண்ணெயையே பலமாக ஏற்றுவதை விட, குறைந்த எண்ணெயோடு ஈ.டி.டி.ஏ. சேர்த்துச் செக்கர்போர்டு (இரண்டின் அளவையும் மாற்றி மாற்றிச் சேர்க்கும் சோதனை) போட்டுப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. சூடோமோனாஸின் வெளிச்சவ்விலுள்ள மக்னீசியத்தைப் பிடுங்கும், எண்ணெய்க்கு வழி திறக்கும். இரண்டின் பகுதி எம்.ஐ.சி. (சேர்ந்திருக்கும்போது உள்ள எம்.ஐ.சி.யைத் தனி எம்.ஐ.சி.யால் வகுத்தது) கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டுவலிமை உண்டு. ஆனால் உள்ளே வந்த எண்ணெயை எஃப்ளக்ஸ் பம்ப் வெளியே தள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள், சூடோமோனாஸ் முழுமையாக மடங்காது.

---

களிம்புச்சட்டி:

வேப்பெண்ணெய் கேள்வி விட்டுப்போனது. கிராம்புக்கு மாற்று வேம்பு அல்ல, இரண்டும் வேறு சாதி. கிராம்பெண்ணெய் ஆவியாகும் எண்ணெய். வேப்பெண்ணெய் விதையிலிருந்து பிழிந்த கொழுப்பு, ஓலியிக், ஸ்டியரிக், பாமிட்டிக் அமிலங்களின் கிளிசரைடு. அதன் கசப்புப் பொருள்கள் மிகச் சிறு அளவில்தான் எண்ணெயில் இருக்கும், கிருமியைத் தடுக்கும் வலு கிராம்பின் பக்கத்தில்கூட வராது. அசாடிராக்டின் சூட்டிலும் வெளிச்சத்திலும் காரத்திலும் சிதையும். 75 டிகிரியில் உருக்கினால் மிஞ்சுவது நாற்றமும் கொழுப்பும். தேங்காயெண்ணெயும் அப்படித்தான். லாரிக் அமிலம் கிளிசரைடாகப் பூட்டியிருக்கும்வரை கிருமியை ஒன்றும் செய்யாது, கொல்வது பிரிந்த லாரிக் அமிலமும் மோனோலாரினும். அதுவும் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளைத்தான். இவற்றைத் தோல் மென்மைக்கு வையுங்கள், கிருமி எதிர்ப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

துளசி எண்ணெய் எந்தச் செடியிலிருந்து, எந்த நிலத்திலிருந்து என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடும். ஒன்றில் யூஜினால், ஒன்றில் மெத்தில் யூஜினால், ஒன்றில் மெத்தில் சாவிகால். மெத்தில் யூஜினாலுக்கு மரபணு நச்சு ஐயம் உண்டு, ஐரோப்பிய அழகுசாதன விதிகளில் அதற்குக் கடும் வரம்பு. வாங்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் கேஸ் குரோமட்டோகிராம் (எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் சோதனை) பார்க்காமல் துளசி எண்ணெயைத் தொடாதீர்கள்.

---

பாதப்புண்_பிரிவு:

நான்காவது கேள்விக்கு நேராகப் பதில்: இப்போதுள்ள நிலையில் திறந்த புண்ணில் போடக் கூடாது.

கடுமையாகக் காயப்பட்ட தோலுக்கான மேற்பூச்சு ஸ்டெரைலாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. முடித்த கிரீமை ஆட்டோகிளேவில் வைத்தால் பிரிந்துவிடும், காமாக் கதிர் எண்ணெயை ஆக்சிஜனேற்றும். பகுதி பகுதியாகத்தான் செய்ய முடியும்: ஜெல் 121 டிகிரியில் 15 நிமிடம், எம்.சி.டி. 160 டிகிரி உலர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம், நறுமண எண்ணெய் 0.22 மைக்ரான் பி.டி.எஃப்.இ. ஃபில்டரில் வடித்து, பிறகு கிருமியற்ற சூழலில் கலப்பது. ஆட்டோகிளேவுக்குப் பின் ஜெல்லின் கெட்டித்தன்மையைத் திரும்ப அளந்து பாருங்கள், சற்று இறங்கியிருக்கும். டியூப் சிறிதாக, ஒரு முறை பிழிந்தால் தீர்வதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, உணர்வு. ஆரோக்கியமான காலில் கிராம்பெண்ணெய் எரிந்தால் ஆள் உடனே துடைத்துவிடுவார். நரம்பு மரத்த சர்க்கரைப் பாதத்தில் எரிச்சலே தெரியாது. காலையில் போட்டு மாலையில் கட்டுப் பிரிக்கும்போது புண்ணைச் சுற்றி வெளுத்து ஊறிய தோலும், அதன் ஓரத்தில் செம்மையும் இருக்கும். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (உணர்வு சோதிக்கும் நைலான் இழை) அழுத்தினால் தெரியாத பாதத்தில் எரிச்சல் தரும் எந்த எண்ணெயும் ஆபத்துதான். உணர்வுள்ள ஆட்களில் எரிச்சல் இல்லை என்று வந்த முடிவை இவர்களுக்குப் பொருத்தக் கூடாது. நாள்பட்ட கால் புண் உள்ளவர்களுக்குத் தொடுகை ஒவ்வாமையும் எளிதில் வரும்.

மூன்றாவது, தொற்றே இல்லாத புண்ணுக்குக் கிருமி எதிர்ப்பு எதற்கு? சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட வழிகாட்டல், தொற்று அறிகுறி இல்லாத பாதப்புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது. தொற்று இருந்தாலும் மேலே போடும் ஆன்டிசெப்டிக், வெள்ளி, தேன் இவற்றை அதற்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. புண் ஆறாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பாதத்தில் அழுத்தம் குறையவில்லை, இரத்த ஓட்டம் போதவில்லை, இறந்த திசு அகற்றப்படவில்லை. இவை மூன்றும் கிரீமால் தீராது. புண்ணுக்குள் விட்ட மழுங்கிய உலோகக் குச்சி எலும்பில் தட்டினால், புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 செ.மீ. தாண்டினால், நாற்றமோ கருப்போ காய்ச்சலோ வந்தால், அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய கால்.

உங்கள் கிரீமுக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது: பிளவு விடாத, வறண்ட குதிகால். அங்கே வெடிப்பு வராமல் காப்பதே புண் வராமல் காப்பது. அந்த நோக்கத்துக்கு எழுதினால் 10% யூரியா கிரீமோடு ஒப்பிடுங்கள். விரலிடுக்கில் போட வேண்டாம் என்று லேபிளில் எழுதுங்கள், அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பிளக்கும்.

---

கயல்:

சார், மேடம், அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. நோக்கத்தை புண்ணில்லாத தோலுக்கான கிரீமாக மாற்றிக்கொள்கிறேன், திறந்த புண்ணை ஆய்வக அளவில் மட்டும் வைக்கிறேன். இரண்டு ஐயம். எலிச் சோதனை பின்னால் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? ஸ்திரத்தன்மைச் சோதனையில் பிரிகிறதா என்று பார்த்தால் போதுமா?

---

செல்கல்ச்சர்_அக்கா:

எலியின் புண் பெரும்பாலும் சுருங்கி மூடும், மனிதப் புண் புதுத் திசு வளர்ந்து மூடும். எலிக்குத் தோலுக்கடியில் தசைப் படலம் இருப்பதே காரணம். புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருக்கத்தைத் தடுக்காவிட்டால் எந்தக் கிரீம் போட்டாலும் ஆறியது போலவே தெரியும். எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசினைக் குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், பி.எச். 4.5-இல் கரைத்துச் சில நிமிடங்களுக்குள் போட்டுவிடுங்கள், வைத்திருந்தால் சிதைந்துவிடும். முதல் 24 மணி நேரம் குடிநீரில் 5% குளுக்கோஸ் கொடுங்கள். கணையச் செல் உடைந்து இன்சுலின் மொத்தமாகக் கொட்டும்போது சர்க்கரை சரிந்து எலி இறக்கும். எண்ணெய் இல்லாத பேஸ் குழு இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

---

களிம்புச்சட்டி:

போதாது. பிரியாமல் அழகாக இருக்கும் கிரீமுக்குள் எண்ணெய் இல்லாமலும் போயிருக்கலாம். 40 டிகிரி, 75% ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து, 0, 1, 2, 3, 6-ஆவது மாதங்களில் யூஜினால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேஸ் குரோமட்டோகிராஃபியில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டியூபைத் திறங்கள். ஏற்கெனவே திறந்ததிலிருந்து எடுத்தால் டியூபின் இழப்பும் மூடி திறந்த இழப்பும் கலந்துவிடும். மாதிரியை டியூபின் வாய், நடு, அடி மூன்று இடத்திலும் எடுங்கள். வாய்ப்பக்கம் மட்டும் குறைந்தால் மூடி கசிகிறது, மூன்றிலும் ஒரே அளவு குறைந்தால் சிதைவு. அளந்த அதே நாளில் அதே டியூபிலிருந்து கொல்லும் சோதனையையும் ஓட்டுங்கள். யூஜினால் அளவு மாறாமல் இருந்தும் கொல்லும் வலு இறங்கினால், எண்ணெய் நீரை விட்டு எண்ணெய்த் துளிக்குள் போய்விட்டது என்று பொருள். அப்போது குறைக்க வேண்டியது பாலிசார்பேட்டையும் எம்.சி.டி.யையும்.